கோமதி மெஷினில் ஓடும்

ஓட விட்டாயிற்று. இனி உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. என் லேப்டாப் திரையில் மூன்று பெட்டிகள், இடது பக்கம் லினக்ஸ், நடுவில் மேக், வலது பக்கம் விண்டோஸ், மூன்றிலும் வரிவரியாக எழுத்து மேலே ஏறிக்கொண்டே போகிறது. தற்காலிகக் கோப்புகளுக்கு இடம் இருக்கிறதா, இருக்கிறது. அங்கே எழுத முடிகிறதா, முடிகிறது. எழுதியதைத் திரும்பப் படிக்க முடிகிறதா, முடிகிறது. எங்கள் சரக்குக் கிடங்கு மென்பொருளை ஒரு புது இடத்தில் நிறுவுவதற்கு முன்னால் அந்த மெஷினிடம் இப்படி நூறு கேள்வி கேட்டாக வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் எப்போது வரும், மோட்டார் யார் போடுவது என்று கேட்பது மாதிரிதான். இந்தக் கேள்விகளையெல்லாம் எழுதியவன் கோமதிநாயகம், என் புருஷன். தை மாதம் செத்துப்போனான். அவன் எழுதிய சோதனைகள் அவனுடைய மெஷினில் மட்டும்தான் ஒழுங்காக ஓடும், இதோ மேசைக்கு அடியில் என் கால் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கிற இந்தக் கறுப்புப் பெட்டியில் மட்டும். இன்றைக்கு அவை மூன்று புது மெஷின்களிலும் ஓடிவிட்டால் சாயங்காலம் ஹார்டுவேர் ஆள் முபாரக் வந்து இதை எடுத்துக்கொண்டு போவார். உள்ளே இருப்பதை அழித்து, ஹார்டு டிஸ்கை உடைத்து, இரும்பு விலைக்குப் போட்டுவிடுவார்கள், வாடிக்கையாளர் தகவல் இருக்கிறதாம், சட்டமாம். ஓடாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கும். ஓட வைக்க வேண்டியவள் நான். யாரும் என் தலையில் கட்டவில்லை, நானேதான் கேட்டு வாங்கினேன்.

கோமதி மெஷினில் ஓடும். இந்த வாக்கியத்தை இந்த மாடியில் சொல்லாத ஆள் கிடையாது. ஒருத்தருக்குச் சோதனை தோற்றுப்போனால் பக்கத்து நாற்காலிக்காரர் தலையைக்கூடத் திருப்பாமல் சொல்வார், கோமதி மெஷின்ல ஓட்டிப் பாருங்க, ஓடும். ஓடும்தான். ஏன் அங்கே மட்டும் ஓடுகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. படித்தவர்கள், காரணம் தேடுவதற்கே சம்பளம் வாங்குகிறவர்கள், இதை மட்டும் சாமி விஷயம் மாதிரி விட்டுவிட்டார்கள். அவன் போன பிறகு, பழைய மெஷின் பாதுகாப்பில்லை என்று நெட்வொர்க்கிலிருந்து அதைத் துண்டித்தார்கள், அப்படியும் விடவில்லை, ரிலீஸுக்கு முந்தின நாள் பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக வந்து அவனுடைய இந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். நான் உட்கார்ந்திருந்தால் தயங்குவார்கள். ஒரு நிமிஷம்தான் மேடம் என்பார்கள். நான் எழுந்து காப்பி எடுக்கப் போய்விடுவேன். அவன் மெஷினுக்கு முன்னால் கூட்டம் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது சிரிப்பு வரும், கூட்டம் கலையும்வரை காப்பியை ஆற்றிக்கொண்டு நிற்பேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் பெட்டியின் நெற்றியில் இருக்கிறது, காய்ந்து வெடித்து. குங்குமம் உதிர்ந்துவிட்டது. அன்றைக்குப் பொரிகடலையைக் கீபோர்டில் கொட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாகப் பிடுங்கித் தட்டி எடுத்தான். எஃப் என்ற பொத்தான் இப்போதும் அமுக்கினால் லேசாக நொறுங்குகிறது. உள்ளே ஒரு பொரி மிச்சம் இருக்க வேண்டும்.

நடுப் பெட்டி நின்றுவிட்டதா. இல்லை, நகர்கிறது. மேக் எப்போதும் இந்த இடத்தில் யோசிக்கும். பெரிய எழுத்தில் ஒரு கோப்பும் அதே பெயரில் சின்ன எழுத்தில் ஒரு கோப்பும் வைத்தால் அதற்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. ஆளுக்கொரு பழக்கம். ஒன்றின் பழக்கத்தை ஊர் வழக்கம் என்று நினைத்து எழுதினால் மற்ற ஊரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கோமதி அப்படித்தான் எழுதியிருந்தான். தன் மெஷினில் தன் பெயரில் இருக்கிற கோப்புறையையே வழியாக எழுதி வைத்திருந்தான், எல்லாச் சோதனையிலும், கோமதியின் வீட்டுக்குப் போ, கோமதியின் வீட்டில் இதை எடு, கோமதியின் வீட்டில் அதை வை. உலகத்தில் எந்தக் கிடங்கில் கோமதிக்கு வீடு இருக்கிறது. அந்தப் பெயரைத் தேடினால் திரை நிறைய வந்தது, கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஆபீஸில் அந்தப் பெயரை வைத்துச் செய்யாத கிண்டல் இல்லை, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அவனைப் பெண் என்று நினைத்து மகளிர் தினத்துக்கு வாழ்த்து அனுப்பினார்கள், அவனும் நன்றி என்று பதில் போட்டான். ஆபீஸில் நான் கோமதி என்பேன், அவன் அம்மா முன்னால் அவங்க என்பேன், தனியாக இருந்தால் டேய்தான். அந்தப் பெயரை ஒவ்வொரு கோப்பாகத் திறந்து எடுத்தேன். எடுத்த இடத்தில், யார் ஓட்டுகிறார்களோ அவர்கள் வீடு என்று பொதுவாகப் போட்டேன். ஒரேயடியாக மாற்ற ஒரு கட்டளை போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும். கையால்தான் செய்தேன். தாலுகா ஆபீஸில் ரேஷன் கார்டிலிருந்து பெயர் நீக்கப் போனபோது அந்தப் பெண் ஒரே ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள், அந்த வேகத்தை என்னால் தாங்க முடியவில்லை. சேவியர், எங்கள் டீம் லீட், நல்ல மனுஷன், முதலிலேயே கேட்டார். “வல்லி, இத வேற யார்ட்டயாவது குடுக்கட்டுமா? உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.” வேண்டாம், நானே பார்க்கிறேன் என்றேன். வேறு யாரிடம் கொடுத்தாலும் இரண்டு நாளில் முடித்திருப்பார்கள்.

நான் மாதக்கணக்கில் இழுத்தேன். சேவியருக்குத் தெரியும், கேட்கவில்லை. ஒரு சோதனையைச் சரிசெய்து, அதை மறுபடி பார்த்து, வரிக்கு வரி விளக்கம் எழுதி, விளக்கத்தில் பிழை பார்த்து, எழுந்து போய் ஜன்னலில் நின்று. இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் சதுப்பு நிலம், அதைத் தாண்டிக் குப்பைமேட்டின் புகை, நடுவில் ஒற்றைக்காலில் நாரைகள். அக்னி நட்சத்திர வெயில் கண்ணாடிக்கு வெளியே கொதிக்கிறது, உள்ளே எனக்கு ஏசியில் விரல் நுனி சில்லிட்டுக் கிடக்கிறது. அன்றைக்குக் காலையும் குளிர்தான், சென்னையில் வருஷத்துக்கு நாலு நாள் வருமே அந்தக் குளிர். வாசலில் உட்கார்ந்து ஷூவுக்கு லேஸ் கட்டக் குனிந்தான். நான் டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன், எலுமிச்சை சாதம், மூடி சரியாக உட்காரவில்லை, இந்த டப்பாவை மாற்றச் சொல்லி எத்தனை தடவை சொல்வது என்று உள்ளேயிருந்து கத்தினேன். பதில் இல்லை. பதில் சொல்லாமல் இருப்பது அவன் வழக்கம்தான், அதனால் இன்னொரு தடவை கத்தினேன். கேட்டதற்குப் பதில் வராவிட்டால் ஆள் கேட்டும் பேசாமல் இருக்கிறான் என்று எடுத்துக்கொள்வதா, ஆளே இல்லை என்று எடுத்துக்கொள்வதா. இதை அவன்தான் வேலைக்குச் சேருகிற புதுப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான், பதில் வரவில்லை என்றால் இல்லை என்று எழுதாதே, தெரியவில்லை என்று எழுது. நான் அன்றைக்குக் கோபம் என்று எழுதிக்கொண்டேன். குனிந்தவன் நிமிரவே இல்லை. வலது லேஸ் கட்டியிருந்தது, இடது அவிழ்ந்து கிடந்தது. டாக்டர் இதயம் என்றார், வலித்திருக்காது என்றார். அவருக்கு எப்படித் தெரியும்.

முடிந்துவிட்டது. மூன்று பெட்டியும் நின்றுவிட்டன, எல்லாம் பச்சை, கடைசிக் கட்டு மட்டும் சிவப்பு, மூன்றிலும் அதே சிவப்பு. நேரச் சோதனைகள். இவற்றைக் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன், உள்ளே என்ன என்று சரியாகப் பார்க்கக்கூட இல்லை, பார்த்தால் புரிந்துவிடும், புரிந்தால் முடிந்துவிடும். இன்றைக்குப் பார்த்தாக வேண்டும். கிடங்கு வாசலுக்கு ஒரு லாரி வருகிறது. மெஷின் அந்த நேரத்தை உள்ளுக்குள் ஒரு நீள எண்ணாக வைத்துக்கொள்ளும், காட்டும்போது அந்த ஊர் மணியாக மாற்றிக் காட்டும். சோதனை அந்த எண்ணைக் கொடுத்து லாரி எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்கிறது. கோமதி எழுதி வைத்த சரியான பதில் ஏழரை. லினக்ஸ் ஒன்பது என்கிறது. மேக் ஒன்பது. விண்டோஸும் ஒன்பது. அடுத்த லாரி, அவன் பதில் பத்து, இவை பதினொன்றரை. எல்லா லாரியும் அப்படித்தான், ஒன்றரை மணி நேரம் பிசகு, ஒன்றுகூட மாறவில்லை. மூன்று மெஷினும் ஒரே மாதிரி தப்புச் செய்யுமா. அப்படியென்றால் தப்பு பதிலில் இருக்கிறது. அந்தப் பதில்களை அவன் கணக்குப் போட்டு எழுதியிருக்க மாட்டான், மனக்கணக்கில் ஆள் மட்டம், காய்கறிக்காரம்மா விலையைக் கூட்டிச் சொன்னால்கூடத் தெரியாது. தன் மெஷினில் ஒரு தடவை ஓட்டி, வந்ததையே சரி என்று எடுத்து ஒட்டியிருப்பான். எல்லோரும் செய்கிற திருட்டு வேலைதான். அப்படியென்றால் அவன் மெஷினிலேயே மணி பிசகு. அட, அது எனக்குத் தெரியுமே. பக்கத்தில் இருக்கிற அவன் திரையின் மூலையில் மணி தப்பாகக் காட்டுவதை இத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துவிட்டார்கள், உள்ளே பேட்டரியும் போயிருக்கும், கடிகாரம் தூங்கி வழிகிறது என்று விட்டுவிட்டேன். இப்போது பார்க்கிறேன். சுவரில் மூன்றே கால். மூலையில் ஒன்றே முக்கால். தூங்கி வழிகிற கடிகாரம் இவ்வளவு கச்சிதமாகவா ஒன்றரை மணி நேரம் பின்தங்கும்.

அவன் மெஷினில் அமைப்பைத் திறக்கிறேன், ஊர் எது என்று கேட்கிற இடம். கை எஃப் பொத்தானில் தட்டுப்படுகிறது, பொரி நொறுங்குகிறது. ஊர், மஸ்கட். ஓமானின் தலைநகர், சென்னைக்கு ஒன்றரை மணி நேரம் பிந்திய ஊர். ஓமானில் சொகார் துறைமுகத்தில் கிடங்கு வேலைக்கு என்னை அனுப்பினார்கள், ஒரு வருஷம். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, பொம்பளையைத் தனியாக அனுப்புவதா என்று அவன் அம்மா சங்கரன்கோவிலிலிருந்து போன் போட்டு அழுதாள், அவன் மட்டும்தான் போயிட்டு வாட்டி என்றான். அங்கே வெயில் என்றால் வெயில், குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர், கிடங்குக்குள் தகரக்கூரை, காற்றில் மீனும் டீசலும். மூன்றரைக்குத் தேநீர் இடைவேளை. கன்டெய்னர் நிழலில் நின்றுகொண்டு கூப்பிடுவேன். முதல் மணியிலேயே எடுப்பான். மாடிப்படிக்குப் போய் நின்று பேசுவான், குரல் படிக்கட்டில் எதிரொலிக்கும். “ஏட்டி, சாப்ட்டியா? என்ன கொளம்பு?” என்பான். இங்கே மணி ஐந்து ஆகியிருக்கும், ஒரு நாள்கூட அவன் என் நேரத்தைத் தப்பாக நினைத்ததில்லை, தூங்கிட்டியா என்று நடுப்பகலில் கேட்டதில்லை, மீட்டிங்கில் இருக்கும்போது கூப்பிட்டதில்லை. நான் மதியம் சாப்பிட உட்காரும்போது ஒரு செய்தி வரும், சோறு இறங்குதா என்று. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை, அன்றைக்கு நான் எழுந்திருக்கிற நேரம் பார்த்துத்தான் வரும். காய்கறிக் கணக்குப் போடத் தெரியாதவன் இதை எப்படிக் கூட்டிக் கழித்து வைத்திருக்கிறான் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன், ஒருநாள் கேட்டும் விட்டேன். “அதெல்லாம் அப்படித்தான்ட்டி, எனக்குத் தெரியும்,” என்றான். கூட்டவும் இல்லை கழிக்கவும் இல்லை. நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிற திரையில் என் மணியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். பக்கத்தில் எல்லோரும் ஐந்து மணிக்கு இருக்கும்போது அவன் மூன்றரையில் இருந்திருக்கிறான். அங்கே உட்கார்ந்துதான் லாரிகளுக்குப் பதில் எழுதியிருக்கிறான், தப்பாக, அத்தனையும் தப்பாக. அழுகை வருகிறது, வரட்டும், மானிட்டருக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஆனால் நான் திரும்பி வந்துவிட்டேனே. இதுதான் உறுத்துகிறது. வந்து இரண்டு வருஷம் ஆன பிறகுதானே அவன் போனான். இரண்டு வருஷம் நான் இதே கட்டடத்தில், இதே மாடியில், எழுந்து நின்றால் அவன் தலை தெரிகிற தூரத்தில் இருந்தேன். பிறகு எதற்கு மஸ்கட். ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டான், அவ்வளவுதான், காரில் பாட்டுப் போட்டான். சொகாரில் இருந்தபோது நாங்கள் பேசிய பேச்சில் பாதிகூட வீட்டில் பேசவில்லை. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு சோபா முனை. கீசரை அணைக்கவில்லை என்று சண்டை, டப்பா மூடிக்குச் சண்டை. அவன் மாடிப்படிக்குப் போய் நின்று பேசுகிற அந்தக் குரல் அப்புறம் எனக்குக் கிடைக்கவே இல்லை. அப்படியென்றால் அவன் வைத்துக்கொண்டிருந்தது யாருடைய மணி. கன்டெய்னர் நிழலில் நின்று பேசினாளே, அவளுடையதா. வீட்டுக்கு வந்து கத்துகிற என்னைவிட அவளே மேல் என்று மூலையில் அவளை வைத்துக்கொண்டு வேலை பார்த்தானா. என்ன நினைப்பு இது, செத்துப்போனவன் விஷயத்தில் என்மேலேயே எனக்குப் பொறாமை. சோம்பேறித்தனமாகவும் இருக்கலாம். குளியலறை பல்பு போய் எத்தனை மாதம் இருட்டில் குளித்தோம். மாற்றணும் மாற்றணும் என்பான். இல்லை, அதுகூட இல்லையோ. ஊரை மாற்றினால் இத்தனை சோதனையும் தோற்றிருக்கும், எல்லாப் பதிலையும் திருத்த வேண்டியிருக்கும், ஓடுவதை ஏன் தொடுவது என்று விட்டிருப்பான். இங்கே எல்லோரும் அப்படித்தான். ஆசையாக வைத்ததை, வேலை மிச்சம் என்று விட்டிருப்பான். அல்லது கடைசிவரைக்கும் ஆசைதானோ. திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கிறேன். இதைச் சோதிக்க ஒரு வழியும் இல்லை, கேட்க வேண்டிய ஆள் பதில் சொல்ல மாட்டான். தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும். அவன் சொல்லிக்கொடுத்ததுதானே.

திருத்துவது சுலபம். அதுதான் கொடுமை. ஒவ்வொரு சோதனையும் தொடங்கும்போதே, இந்த மெஷின் எந்த ஊரில் இருந்தாலும் சரி, நான் பொது நேரத்தில்தான் கேட்பேன் என்று சொல்லிவிட வேண்டும். எந்த ஊரையும் சேராத நேரம், மஸ்கட்டும் இல்லை சென்னையும் இல்லை. அங்கே யாருக்கும் தேநீர் இடைவேளை கிடையாது. பிறகு அவன் எழுதிய பதில்களை அழித்துப் புதிதாக எழுத வேண்டும். ஏழரையை அழிக்கிறேன். பத்தை அழிக்கிறேன். எனக்குக் கணக்கு வரும், நான் கூட்டிக் கழித்தே எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் அழிக்கும்போது விரல் ஒரு கணம் நிற்கிறது, அப்புறம் அழிக்கிறது. தப்பான பதில்கள்தான், ஆனால் என்னால் வந்த தப்பு. இப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. கண்டுபிடிக்க முடியவில்லை சேவியர், இன்னும் ரெண்டு வாரம் ஆகும் என்று சொன்னால் அவர் சரி என்பார், என் முகத்தைப் பார்க்காமலேயே சரி என்பார். அப்படி அவர் என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு ஆகவில்லை. போன மாதம் தூத்துக்குடிக் கிடங்கில் நிறுவும்போது இந்தச் சோதனைகளை ஓட்டாமலேயே நிறுவினார்கள், எப்படியும் தோற்கும், ஆனால் கோமதி மெஷினில் ஓடியதே என்று. அங்கே தேதி பிசகி ஒரு நாள் முழுக்க லாரிகள் வரிசையில் நின்றன, டிரைவர்கள் வெயிலில். இதற்குமேல் வைத்திருந்தால் அவன் பெயரைச் சொல்லித்தான் ஊர் முழுக்கத் திட்டுவார்கள். எழுதி முடித்தேன். ஓட விட்டேன். இடது, நடு, வலது. தற்காலிகக் கோப்புகளுக்கு இடம் இருக்கிறதா, இருக்கிறது. எழுத முடிகிறதா, முடிகிறது. லாரி எப்போது வந்தது. பச்சை. அடுத்த லாரி, பச்சை. கீழே போய்க்கொண்டே இருக்கிறது, எங்கும் நிற்கவில்லை. மூன்றும் பச்சை. பின்னால் யாரோ மெதுவாகக் கைதட்டுகிறார்கள், சேவியர்தான், கையில் டீக் கோப்பையோடு நிற்கிறார், தட்டியது கோப்பையின் பக்கத்தில் ஒற்றை விரலால். “முடிச்சிட்டீங்க வல்லி,” என்கிறார். “முபாரக்குக்குச் சொல்லிடவா?” தலையாட்டுகிறேன்.

பென்டிரைவை எடுத்துக் கீழே குனிகிறேன். “அதுல எதுக்கு?” என்கிறார் சேவியர். “அது இனிமே கணக்குலயே இல்லியே.” சும்மா பார்க்கிறேன் என்கிறேன். எங்கே கொண்டுபோனாலும் ஓட வேண்டும் என்றுதானே வேலை, இதுவும் ஒரு இடம்தானே. செருகுகிறேன், ஓட விடுகிறேன். மெதுவாக, வயசான மெஷின், ஒவ்வொரு வரிக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு. லாரி எப்போது வந்தது. சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. வரிசையாகச் சிவப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சேவியர் பயந்துபோய் என்னைப் பார்க்கிறார். கோமதி மெஷினில் ஓடவில்லை. உலகத்தில் எங்கேயும் ஓடாமல் இங்கே மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது எல்லா இடத்திலும் ஓடுகிறது, இங்கே மட்டும் ஓடவில்லை. செய்தியைப் படிக்கிறேன். பொது நேரத்தில் சொல் என்று நான் கேட்ட முறை புதியது, இந்தப் பழைய மெஷினுக்கு அந்த வார்த்தை தெரியாது. அவ்வளவுதான், கேட்டது புரியவில்லை. “விட்டுருங்க வல்லி, இன்னும் ஒரு மணி நேரத்துல உடைச்சிருவாங்க,” என்கிறார் சேவியர், மெதுவாக. நியாயம்தான். நான் உட்கார்ந்து எழுதுகிறேன். புது முறையில் கேள். புரியவில்லை என்றால் பழைய முறையில் கேள். இரண்டு வரி. பழைய முறை எனக்கு மறந்திருந்தது, யோசித்து எழுத வேண்டியிருந்தது, ஒரு எழுத்தை மாற்றிப் போட்டுத் திருத்தினேன். மறுபடி பென்டிரைவ், மறுபடி ஓட்டம். சேவியர் போகவில்லை, டீ ஆறிப்போய்க் கையில் இருக்கிறது. தற்காலிகக் கோப்புகளுக்கு இடம் இருக்கிறதா, இருக்கிறது. எழுத முடிகிறதா, முடிகிறது. லாரி எப்போது வந்தது. பச்சை. எல்லா லாரியும் பச்சை. சேவியர் தன் இடத்துக்குப் போய் என் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார், அதுதான் முறை, அவர் ஒப்புதல் கொடுத்தால்தான் உள்ளே சேரும். அந்த இரண்டு வரி வந்ததும் தலை நிமிர்வதை இங்கேயிருந்தே பார்க்கிறேன். நம்மிடம் இருக்கிற எந்த மெஷினுக்கும் அது தேவையில்லை, இனி வருகிற எதற்கும் தேவைப்படாது, எடுத்துவிடச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. சொல்லவில்லை. ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

ஐந்து மணிக்கு முபாரக் தள்ளுவண்டியோடு வந்தார். ஹார்டுவேர் பிரிவில் நெடுநாள் ஆள், கோமதியோடு கேரம் ஆடியவர். மேசைக்கடியில் குனிந்து ஒயர்களைப் பார்த்தார், சந்தனப் பொட்டைப் பார்த்தார், ஒன்றும் தொடாமல் நிமிர்ந்தார்.

“எட்த்துக்கலாமா மேடம்?”

“எடுத்துக்குங்க. ஒரு நிமிஷம், நானே அணைச்சுத் தரேன்.”

“பொறுமையா பண்ணுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.” வெறுமனே நிற்க முடியாமல் திரையைப் பார்த்தார். “டைம் தப்பா காட்டுது பாருங்க. இப்ப அஞ்சு ஆவுது. இதுல மூணரைன்னு இருக்கு. பேட்டரி பூட்ச்சு போல.”

“இல்ல முபாரக்,” என்றேன். “சரியாத்தான் காட்டுது. நான் கூப்பிடற நேரம்.”

அவர் தள்ளுவண்டியை மேசைப் பக்கம் திருப்பினார். மூலையில் மூன்றரை, மூன்று முப்பத்தொன்று ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அணைத்தேன்.